குஞ்சுக்கும் கோழிக்கும் ஒரே தட்டா? கொல்லைப்புறக் கோழி வளர்ப்பில் எங்கே தப்பு நடக்கிறது?

காலை ஆறரை மணிக்கு அம்மா போன் பண்ணினால் இரண்டே விஷயம்தான். ஒன்று, கேஸ் புக் பண்ண வேண்டும். இல்லையென்றால் கோழிக்கு ஏதோ ஆகிவிட்டது. போன வருஷம் ஐப்பசி மழையில் வந்த போன் இரண்டாவது ரகம்.

“பாப்பா, ரெண்டு குஞ்சு தலையத் தொங்கப் போட்டுக் கெடக்குது. நேத்து ஒண்ணு போயிருச்சு. நீ சொன்ன தீவனத்தத்தான போடுறேன்?”

அந்த “நீ சொன்ன” என்ற வார்த்தை சுருக்கென்று குத்தியது. ஏனென்றால் சொன்னது நான்தான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, “லேயர் தீவனம் வாங்கிப் போடும்மா, முட்டை நிறைய வைக்கும்” என்று சொல்லியிருந்தேன். அம்மா ஒரு மூட்டை வாங்கினார். கொல்லையில் இருந்த அத்தனை கோழிக்கும் அதையே போட்டார். அப்போது அவரிடம் நாலு பெட்டை, ஒரு சேவல், மூணு விடை, அதோடு புரட்டாசியில் பொரித்த 11 குஞ்சுகள் இருந்தன. மொத்தம் 19 உருப்படி. ஒரே தட்டு, ஒரே தீவனம்.

அந்த 11 குஞ்சில் கடைசியில் மிஞ்சியது நாலு.

ஊரில் அம்மா, அப்பா, பாட்டி கோழி வளர்க்கிற யாருக்கும் இது நடக்கலாம். வார இறுதியில் ஊருக்குப் போய் “நாட்டுக்கோழி போடலாமா” என்று யோசிக்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை உதவும். வெவ்வேறு வயதுக் கோழிகளை ஒரே கொல்லையில் வைத்து எப்படித் தீனி போடுவது, எப்படிப் பராமரிப்பது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒரே கொல்லை, மூணு வயது

பெரிய பண்ணைகளில் இந்தச் சிக்கல் கிடையாது. ஒரு கொட்டகைக்குள் இருக்கிற கோழிகளெல்லாம் பொதுவாக ஒரே வயது. ஒன்றாக வரும், ஒன்றாக வளரும், ஒன்றாகவே விற்பனைக்குப் போகும். அந்த வயதுக்கு எது தேவையோ அந்தத் தீவனத்தை மட்டும் போட்டால் போதும்.

வீட்டுக் கொல்லை அப்படியில்லை. ஒரு பெட்டை முட்டை வைத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று அடையில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது குஞ்சுகளோடு சுற்றும். போன ஈட்டில் பொரித்தவை விடலையாக நிற்கும். குஞ்சு, விடை, பெட்டை என்று வயதுக்கு ஒரு பெயரைத் தமிழில் ஏற்கெனவே வைத்திருக்கிறோம். ஆனால், தீனி போடும்போது மட்டும் அந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறோம்.

தேவைகளைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்:

• குஞ்சு (முதல் 8 வாரம்): தீவனத்தில் சுமார் 20 சதவீதம் புரதம், 1 சதவீதம் கால்சியம்.

• விடை (8 வாரத்திலிருந்து முட்டை வைக்கும்வரை): சுமார் 16 சதவீதம் புரதம், கால்சியம் அதே 1 சதவீதம்.

• முட்டை வைக்கும் பெட்டை: 16 முதல் 18 சதவீதம் புரதம், 3 முதல் 4 சதவீதம் கால்சியம்.

புரதத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். கால்சியத்தில்தான் மூணு மடங்குக்கு மேல் இடைவெளி. நான் கவனிக்காமல் விட்டது இந்த ஒரு வரியைத்தான்.

லேயர் தீவனம் குஞ்சுக்கு ஏன் ஆகாது?

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. முட்டை வைக்கும் கோழி இதை அடிக்கடி உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தை அள்ளிக் கலக்கிறார்கள். பெட்டை சாப்பிடுவது ஓட்டுக்குப் போய்விடும்.

குஞ்சு முட்டை வைப்பதில்லை. உள்ளே போன அதிகப்படியான கால்சியத்தை வெளியேற்ற வேண்டிய வேலை அதன் சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் சிறுநீரகம் பழுதாகும். பழுதான சிறுநீரகத்தால் யூரிக் அமிலத்தை வெளியேற்ற முடியாது. அது இதயம், ஈரல் மேலெல்லாம் வெள்ளையாகப் படியும்.

செத்துப்போன குஞ்சுகளை அம்மா பக்கத்தில் இருக்கிற அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனார். மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டியபோது, உள்ளே கோலமாவு தூவின மாதிரி இருந்ததாம். “இதுக்கு என்ன தீனி போட்டீங்க?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். லேயர் தீவனத்தைக் கொத்திய குஞ்சுகள் எல்லாமே செத்துவிடும் என்று அர்த்தமில்லை. சில தாக்குப்பிடிக்கும். சில வளர்ச்சி குன்றி நிற்கும். தண்ணீர் குறைந்தால் பாதிப்பு கூடும். எங்கள் வீட்டிலும் தீவனம் மட்டுமே காரணமில்லை. அதே வாரத்தில் அறுத்துப் பார்த்த இன்னொரு குஞ்சின் குடலில் ரத்தம் இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

“எங்க காலத்துல குருணையப் போட்டோம், வளரலையா?”

வளர்ந்தது. ஆனால், குருணையை மட்டும் தின்று வளரவில்லை.

கணக்குப் பார்த்தால் புரியும். 100 கிராம் நொய்யரிசியில் இருக்கிற புரதம் சுமார் 8 கிராம். மக்காச்சோளம், கம்பு, சோளம் எல்லாம் 9 முதல் 11 கிராம் வரை. குஞ்சுக்குத் தேவை 20. அதாவது, தானியத்தை மட்டும் போட்டால் தேவையில் பாதிதான் கிடைக்கிறது. மீதிப் பாதியை அந்தக் காலத்துக் கோழி குப்பைமேட்டைக் கிளறித் தானே சம்பாதித்துக்கொண்டது. புழு, பூச்சி, கரையான், மாட்டுச் சாணத்தில் நெளிகிற புழுக்கள் என்று எல்லாமே புரதம்தான்.

இப்போது குப்பைமேடு இல்லை. மாட்டுக் கொட்டம் இல்லை. கொல்லையில் பாதி சிமென்ட் தளம். குருணை மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது. குஞ்சு இறக்கை முளைக்காமல் சொறியாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலேயே கலக்க நினைப்பவர்களுக்கு 10 கிலோவுக்கான எளிய கணக்கு இது:

• உடைத்த மக்காச்சோளம், கம்பு அல்லது சோளம்: 5 கிலோ

• அரிசித் தவிடு: 2 கிலோ

• கடலைப் புண்ணாக்கு: 2 கிலோ

• உப்பில்லாத கருவாட்டுத் தூள்: 800 கிராம்

• தாது உப்புக் கலவை: 200 கிராம்

இதில் தோராயமாக 18 சதவீதம் புரதம் கிடைக்கும். விடைக்கும் பெட்டைக்கும் தாராளம். முதல் ஒரு மாதக் குஞ்சுக்கு மட்டும் கடையில் கிடைக்கிற குஞ்சுத் தீவனமே (ஸ்டார்ட்டர்) பாதுகாப்பு.

இரண்டு எச்சரிக்கைகள். கருவாடு உப்பில்லாததாக இருக்க வேண்டும். உப்பு கூடினால் குஞ்சு தாங்காது. சாம்பார் சாதம், ஊறுகாய் கலந்த மிச்சம் எல்லாம் தட்டுக்கு வரக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அடுத்தது பூஞ்சை. மழைக்காலத்தில் புண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அதில் உருவாகும் அஃப்லாடாக்சின் என்கிற நச்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் அந்த நச்சு போய்விடாது. பச்சையாகப் பூத்திருந்தாலோ, முக்கல் வாடை அடித்தாலோ தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

செலவே இல்லாத புரதமும் ஒன்று இருக்கிறது. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, வைக்கோல், காய்ந்த சாணி போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் புற்று இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை பானைக்குள் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகள் அதற்கு அடித்துக்கொள்ளும். பூச்சிமருந்து அடித்த இடமாக மட்டும் இருக்கக்கூடாது.

ஒரே தீவனம் போட்டே ஆகணுமா? அப்போ இப்படிச் செய்யுங்கள்

மூணு வயதுக்கு மூணு மூட்டை வாங்குவது பத்து, இருபது கோழி வைத்திருக்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதற்கு எளிய வழி உண்டு. சின்னதுக்கு ஏற்ற தீவனத்தை எல்லோருக்கும் போட்டுவிட்டு, பெரியதுக்கு வேண்டிய கால்சியத்தைத் தனியாக வையுங்கள்.

அதாவது, பொதுத் தட்டில் குஞ்சுத் தீவனமோ வளர் தீவனமோ (குரோயர்) இருக்கட்டும். இன்னொரு இடத்தில், கொட்டாங்குச்சியிலோ பழைய கிண்ணத்திலோ உடைத்த கிளிஞ்சல் இருக்கட்டும். தீவனக் கடைகளில் ‘ஷெல் கிரிட்’ என்று கேட்டாலும் கிடைக்கும். முட்டை வைக்கும் பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே போய்ப் பொறுக்கிக்கொள்ளும். குஞ்சும் சேவலும் ஒன்றிரண்டு கொத்திப் பார்த்துவிட்டு விலகிவிடும். கோழிக்கு இந்த விஷயத்தில் நம்மைவிட விவரம் அதிகம்.

முட்டை ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. அதனால், சாயங்காலம் அடையப் போவதற்கு முன்னால் கிளிஞ்சல் கிண்ணம் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் உடைக்கிற முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்கியும் போடலாம். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பை மட்டும் வைத்துவிடாதீர்கள். அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

கடையில் குஞ்சுத் தீவனம் வாங்கும்போது மூட்டையின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டைப் படியுங்கள். சில தீவனங்களில் ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அதைப் பெட்டையும் தின்றால் முட்டை வழியாக மருந்து நம் தட்டுக்கு வரும். மருந்து சேர்த்த தீவனம் என்றால் அது குஞ்சுக்கு மட்டும்தான்.

பாட்டியின் பஞ்சாரம் ஏன் ஒரு நல்ல டெக்னாலஜி?

சரி, குஞ்சுக்கு மட்டும் போட வேண்டிய தீவனத்தைப் பெரிய கோழி தின்னாமல் எப்படிக் காப்பது? வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கென்று தனிக் கூண்டு காட்டுவார்கள். குஞ்சு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட கம்பிக் கூண்டு அது. பெரிய கோழிக்குத் தலை மட்டும்தான் நுழையும்.

அதைப் பார்த்தபோது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுப் பரணில் கவிழ்ந்து கிடந்த பஞ்சாரம்! மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடை. சில ஊர்களில் கோழிக்கூடை, கொடாப்பு என்பார்கள். தாயையும் குஞ்சையும் சேர்த்து மூடிவைப்பதற்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். “உங்க அப்பத்தா ஒரு பக்கத்துல செங்கல்ல முட்டுக் குடுத்துத் தூக்கி வைக்கும். குஞ்சு மட்டும் உள்ள போய்த் திங்கும். சேவ வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போகும்” என்றார்.

அவ்வளவுதான். நாலு விரல்கடை உயரத்துக்குத் தூக்கிவைத்த ஒரு பஞ்சாரம், உள்ளே குஞ்சுத் தீவனம். வெளியே பெரியதுகளுக்குப் பொதுத் தட்டு. குஞ்சு வளர வளரச் செங்கல்லுக்குப் பதில் கொஞ்சம் உயரமான கல். பஞ்சாரம் கிடைக்காதவர்கள் பழைய பிளாஸ்டிக் பழக்கூடையை வெட்டியும், கம்பிவலையை வளைத்தும் செய்துகொள்ளலாம்.

பருந்து, காக்கை வந்தால் குஞ்சு ஓடி ஒளியவும் அதே இடம் உதவும். எங்கள் வீட்டில் செத்த ஏழு குஞ்சுகளில் இரண்டு காக்கைக்குப் போனவை.

யார் முதலில் சாப்பிடுவது?

தீவனம் சரியாக இருந்தாலும் குஞ்சுக்குக் கிடைக்காமல் போகலாம். கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது, முதலாவதைத் தவிர மற்றதையெல்லாம் கொத்தும். கடைசி வரை இப்படியே. நார்வேயைச் சேர்ந்த தோர்லெஃப் ஷெல்டெரப் எப்பே, சிறுவயதிலிருந்து கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து, 1921இல் இதை ஆய்வாக எழுதினார். அலுவலகங்களில் ‘பெக்கிங் ஆர்டர்’ என்று பேசுகிறோமே, அந்த வார்த்தை கோழிக் கூட்டிலிருந்து வந்ததுதான்.

தாய் பக்கத்தில் இருக்கும்வரை குஞ்சுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் தாய் குஞ்சைக் கொத்தி விரட்டிவிடும். அந்த நாளிலிருந்து அது வரிசையில் கடைசி. அந்த வயதில்தான் பல குஞ்சுகள் இளைத்துப்போகின்றன. செய்ய வேண்டியவை எளிமையானவை:

• ஒரு பெரிய தட்டுக்குப் பதில், தள்ளித் தள்ளி மூணு தட்டு. ஒரு கோழியால் மூணு தட்டைக் காவல் காக்க முடியாது.

• தண்ணீரும் இரண்டு இடத்தில். குஞ்சுத் தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். உள்ளே நாலு கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது.

• கூட்டுக்குள் உட்கார வெவ்வேறு உயரத்தில் கம்பு கட்டுங்கள். மேல் கம்பு பெரியதுக்கு, கீழ்க் கம்பு விடைக்கு.

• எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவல் கூடினால் சண்டையும் கூடும். விடைப் பெட்டைகளின் முதுகில் இறகு இருக்காது.

சந்தையிலிருந்து புதுக்கோழி வாங்கி வந்தால்?

நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். இரண்டு வாரமாவது, முடிந்தால் ஒரு மாதம், தள்ளித் தனியாக வையுங்கள். பார்க்க நன்றாக இருக்கிற கோழியும் நோயைச் சுமந்து வரலாம். முதலில் வீட்டுக் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு, கடைசியாகப் புதியதிடம் போங்கள். மாற்றிச் செய்தால் நம் கையும் காலும்தான் நோயைக் கொண்டுபோகும்.

அதன்பிறகு சில நாள், கம்பிவலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். கடைசியில் இருட்டியபிறகு கூட்டுக்குள் விடுங்கள். ஒற்றைக் கோழியாக விடுவதைவிட இரண்டு மூன்றாக விட்டால் அடி பிரிந்துபோகும்.

ரத்தக் கழிச்சலும் வெள்ளைக் கழிச்சலும்

அந்த இரண்டாவது குஞ்சின் குடலில் இருந்த ரத்தத்துக்கு வருகிறேன். அது காக்சிடியோசிஸ் எனும் ரத்தக் கழிச்சல். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியால் வருவது. பெரும்பாலும் மூணு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் இருக்கிற குஞ்சுகளைத் தாக்கும்.

வெவ்வேறு வயதுக் கோழிகளை ஒன்றாக வைப்பதில் இருக்கிற பெரிய ஆபத்து இதுதான். பெரிய கோழிக்கு ஏற்கெனவே எதிர்ப்பு வந்திருக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால், அதன் எச்சத்தில் ஒட்டுண்ணி வெளியே வந்துகொண்டே இருக்கும். ஈரமும் கதகதப்பும் இருந்தால் ஓரிரு நாளில் அது தொற்றும் நிலைக்கு வரும். குஞ்சு அதைக் கொத்தும். மழைக்காலத்தில் ஈரமான தரையில் தீனியை இறைத்துப் போட்டால் நாமே ஊட்டிவிடுகிற மாதிரி.

மருந்தைவிட முக்கியம் காய்ந்த தரை. குஞ்சு அடையும் இடத்தில் உமியோ மரத்தூளோ போட்டு, நனைந்தால் உடனே மாற்றுங்கள். தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் போடுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மருந்து இருக்கிறது. தாமதித்தால் பலனில்லை.

இன்னொன்று வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் நோய் என்பதும் இதைத்தான். இன்றைய உத்தராகண்டில் இருக்கிற மலையூரின் பெயர் அது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், மூச்சு வாங்கும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. இரண்டு மூன்று நாளில் கொல்லையே காலியாகிவிடும். தடுப்பூசி ஒன்றுதான் வழி:

• பிறந்த 7ஆவது நாள்: கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து (எஃப் அல்லது லசோட்டா).

• 8ஆவது வாரம்: இறக்கைக்கு அடியில் ஊசி (ஆர்2பி).

இங்கேயும் சிக்கல் வயதுதான். ஒவ்வொரு ஈட்டுக்கும் தேதி வேறு. பெரியதுக்குப் போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்போம், புதிதாய்ப் பொரித்தது விட்டுப்போயிருக்கும். அம்மா இப்போது தினசரி காலண்டரில் குஞ்சு பொரித்த நாளைப் பேனாவால் வட்டம் போடுகிறார். 7ஆம் நாளும் 56ஆம் நாளும் என் போனில் நினைவூட்டலாக இருக்கின்றன. சென்னையிலிருந்து நான் செய்ய முடிகிற ஒரே உருப்படியான வேலை அது.

தடுப்பு மருந்துக் குப்பி ஒன்றில் நூறு கோழிக்கு மேலும் இருக்கும். கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால், தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுவது நல்லது. ஊசி போட ஆள் கிடைக்காத ஊர்களுக்காக, தீனி மாதிரியே கொடுக்கக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அரசு கால்நடை மருந்தகத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் எப்போது என்றும் கேட்டுவையுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண் இருக்கிறது.

அம்மாவின் இப்போதைய நாள்

காலை: கூட்டைத் திறப்பதற்கு முன்பே பஞ்சாரத்துக்குள் குஞ்சுத் தீவனம். பிறகு பெரியதுகளைத் திறந்துவிட்டு, மூணு தட்டில் கலப்புத் தீவனம். மேய்ச்சல் இருப்பதால் பெரிய கோழி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் போதும். அடைத்து வளர்த்தால் இதே கோழிக்கு 80 முதல் 100 கிராம் வேண்டியிருக்கும்.

மதியம்: தண்ணீர் மாற்றுவது. முருங்கைக்கீரை, அகத்தி, அசோலா எது இருக்கிறதோ அது.

சாயங்காலம்: மிச்சத் தீவனம், கிளிஞ்சல் கிண்ணம், எண்ணிக்கை. எண்ணுவது முக்கியம். ஒன்று குறைந்தால் அன்றைக்கே தெரியும். கூடவே, தீனிக்கு ஓடி வராமல் ஒதுங்கி நிற்பது எது என்றும் பார்க்கிறார். நோய் முதலில் அப்படித்தான் தெரியும்.

எண்ணிக்கையையும் அவர் ஏறவிடுவதில்லை. இரவு அடைகிற கூட்டில் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு ஈட்டிலும் சேவல் விடைகளை வளர்ந்ததும் விற்றுவிடுகிறார். “பாவமா இருக்கேன்னு வச்சிருந்தா, இருக்கறதுக்கும் சேத்துக் கேடு” என்கிறார்.

இதெல்லாம் எதற்கு?

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வைத்தாலே பெரிது. நாலு பெட்டைக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நானே கேட்டிருக்கிறேன். நூறு கோழிக் கணக்கில் பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

ஆனால், அந்த முட்டையும் விடையும் விற்கிற காசு எங்கள் வீட்டில் அப்பா கைக்குப் போவதில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிற டப்பாவுக்குப் போகும். அம்மாவின் சிறுவாடு. என் கல்லூரி முதல் செமஸ்டர் தேர்வுக் கட்டணத்தை அந்த டப்பாவிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார். பல வீடுகளில் ஒரு பெண் யாரையும் கேட்காமல் செலவு செய்யக்கூடிய ஒரே பணம் கொல்லையில் மேய்ந்துகொண்டிருக்கிறது. ஏழு குஞ்சு செத்தால், அந்த டப்பாவில் ஏழு கோழியின் காசு குறைகிறது. நான் பார்த்த வீடியோவில் இதை யாரும் சொல்லவில்லை.

அந்த லேயர் மூட்டையில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அம்மா அதை வீணாக்கவில்லை. பெட்டைகளை மட்டும் தனியே அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தீர்த்தார். மிஞ்சிய நாலு குஞ்சுகளில் இரண்டு பெட்டை. தையில் அவை முட்டை வைக்கத் தொடங்கவில்லையே என்று நான் அவசரப்பட்டேன். “அதது வயசுக்குத்தான் வைக்கும், சும்மா இரு” என்றார். சித்திரையில் ஒன்று வைத்தது.

இந்த முறை காலை ஆறரைக்கு வந்தது மூன்றாவது ரகப் போன். “பாப்பா, ஒம்போது பொரிச்சிருக்கு. அந்த போன்ல தேதியக் குறிச்சுக்க.”

சுருக்கமாக

• குஞ்சு இருக்கும் கொல்லையில் லேயர் தீவனத்தைப் பொதுத் தட்டில் போடாதீர்கள்.

• சின்னதுக்கு ஏற்ற தீவனம் எல்லோருக்கும். கிளிஞ்சல் தனிக் கிண்ணத்தில்.

• மருந்து சேர்த்த குஞ்சுத் தீவனம் முட்டைக்கோழிக்கு வேண்டாம்.

• பஞ்சாரத்தைச் செங்கல்லில் தூக்கிவையுங்கள். குஞ்சுக்குத் தனிப் பந்தி.

• தட்டு மூன்று, தண்ணீர் இரண்டு இடம், தரை எப்போதும் காய்ந்திருக்க வேண்டும்.

• புதுக்கோழிக்கு இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை தனிமை.

• ஒவ்வொரு ஈட்டுக்கும் பொரித்த தேதியைக் குறித்து, 7ஆம் நாளும் 8ஆம் வாரமும் தடுப்பு மருந்து.